நரம்பின் உறையும் ஹௌசரின் ஆராய்ச்சியும்

ஒருவன் தன் விரலை அசைக்க எண்ணுகிறான். எண்ணிய அக்கணமே விரல் அசைகிறது. எண்ணம் பிறந்த இடம் மூளை; ஏவல் நிறைவேறிய இடம் கை. இவ்விரண்டிற்கும் இடையே செய்தியைச் சுமந்து செல்வன நரம்பிழைகள். அவ்விழைகளுள் பல வெற்றிழைகளாய் இருப்பதில்லை. கொழுப்பு மிகுந்த வெண்ணிற உறையொன்று அவற்றைச் சுற்றிச் சுற்றிப் போர்த்தியிருக்கிறது. மயலின் என்பது அவ்வுறையின் பெயர். மின்கம்பியின்மேல் ரப்பர் உறை போர்த்தியிருத்தலை எல்லாரும் கண்டிருப்பர். ஆயினும் அவ்வுவமை முற்றும் பொருந்துவதன்று. ரப்பர் உறை மின்சாரம் வெளியே கசியாமல் காப்பதோடு அமையும். மயலின் உறையோ அதனோடு நில்லாது, செய்தியின் விரைவையும் பன்மடங்கு பெருக்குகிறது. உறை தடித்த இழையில் செய்தி ஒரு நொடியில் நூறு மீட்டர் வரையிலும் செல்லும். உறையற்ற மெல்லிழையிலோ ஒன்றிரண்டு மீட்டரே செல்லும்.

இவ்வுறை ஆங்காங்கே அழிந்துபடுமாயின் யாது நேரும்? செய்தி தடுமாறும், சிலபோது நடுவழியிலேயே நின்றுவிடும். கண்ணுக்குச் செல்லும் நரம்பில் உறை அழிந்தால் பார்வை மங்கும். தண்டுவடத்தில் அழிந்தால் கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும். சிறுமூளையில் அழிந்தால் கை நடுங்கும், பேச்சுக் குழறும். இவ்வாறு மூளையிலும் தண்டுவடத்திலும் பல இடங்களில் உறை அழிந்து, அழிந்த இடங்கள் தழும்பேறி இறுகிப் போகும் நோய்க்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர். பல இடங்களில் இறுகுதல் என்பதே அச்சொற்றொடரின் பொருள். இந்நோய் முதியோரை நாடி வருவதன்று. இருபது வயதிற்கும் நாற்பது வயதிற்கும் இடையே, கல்வியை முடித்து வாழ்வைத் தொடங்கும் பருவத்தாரையே பெரும்பாலும் பற்றுகிறது. ஆடவரினும் மகளிரை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகத் தாக்குகிறது. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த உலகக் கணக்கின்படி ஏறத்தாழ 28 இலட்சம் மக்கள் இந்நோயோடு வாழ்ந்தனர். வட ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய குளிர் நாடுகளில் இது மிகுதி. நம் நாட்டில் குறைவாயினும் இல்லாமலில்லை.

இந்நோயைத் தனியொரு நோயாக வகுத்துக் காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ என்பவர். பாரிசு நகரில் சால்பேத்ரியேர் என்னும் பெரிய மருத்துவமனையில் பணியாற்றிய அவர், நோயாளர் உயிரோடிருக்கும்போது அவர்தம் நடுக்கத்தையும் தள்ளாட்டத்தையும் நுணுகிக் குறித்துவைப்பார். அவர் இறந்த பின்னர் மூளையையும் தண்டுவடத்தையும் அறுத்து நோக்குவார். அங்கே கண்ட இறுகிய திட்டுகளையும் முன்னர்க் கண்ட குறிகளையும் இணைத்து 1868ஆம் ஆண்டில் அவர் ஆற்றிய விரிவுரைகளே இந்நோய் பற்றிய அறிவுக்கு அடித்தளம் ஆயின. நோயைக் கண்டறிந்தாரேயன்றித் தீர்க்கும் வழியை அவர் கண்டாரல்லர். அவருக்குப் பின்னர் நூறாண்டு கழிந்தும் மருத்துவர் பலர் நோயின் பெயரைக் கூறிவிட்டுக் கைபிசைந்து நிற்கவே நேர்ந்தது.

அந்நிலையில், 1970களின் பிற்பகுதியில், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் ஓர் இளம் மருத்துவர் நரம்பியல் பயின்று வந்தார். அவர் பெயர் ஸ்டீபன் ஹௌசர். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அவரிடம் நோயாளியாக வந்தவருள் ஒருவர் இளம்பெண், வழக்கறிஞர், அறிவாற்றல் மிக்கவர். அவரைப் பற்றிய நோய் காட்டுத் தீப்போல் பரவிற்று. முதலிற் பேச்சு நின்றது. பின் உடலின் ஒருபுறம் செயலற்றது. பின்னர் விழுங்கவும் மூச்சு விடவும் இயலாமற் போயிற்று. நேற்றுவரை வழக்காடிய நா இன்று ஒரு சொல்லையும் எழுப்பமாட்டாது கிடந்தது. இத்துணைக் கொடிய அநீதியை மருத்துவத்தில் தாம் கண்டதில்லை என்னும் எண்ணம் ஹௌசரின் உள்ளத்தில் ஊன்றிற்று. இந்நோயே தம் வாழ்நாட் பணி என அவர் அப்போது உறுதி பூண்டார்.

உறையை அழிப்பது யாது? வெளியிலிருந்து வந்த பகையன்று. உடலின் காவற்படையே அதனை அழிக்கிறது என்பது அந்நாளிலேயே அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. வேலியே பயிரை மேய்வது போன்றதொரு நிலை இது. குருதியிலுள்ள வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போரிடுவன. அவற்றுள் நிணநீரணுக்கள் என்பன இருவகைப்படும்: டி அணு, பி அணு. நெஞ்சறையில் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி பெறுவன டி அணுக்கள். அச்சுரப்பியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தே இவற்றிற்குப் பெயராயிற்று. பி அணுவின் பெயரோ கோழியின் வயிற்றிலிருந்து வந்தது. பறவைகளின் குடலருகே பர்சா என்னும் சிறுபை ஒன்றுண்டு. பி அணு முதன்முதல் அப்பையிலேயே அறியப்பட்டது. டி அணு பகைமேல் நேரே பாயும் காலாட்படை. பி அணு முதிர்ந்து எதிர்ப்பொருள் என்னும் புரதத்தை ஆக்கும். அப்புரதம் அம்பு போல் தொலைவிற் சென்று பகைமேல் தைக்கும்.

இவ்விரண்டனுள் குற்றவாளி எது என்பதே வினா. அறிஞர் உலகம் டி அணுவையே சுட்டிற்று. அதற்குக் காரணமும் இருந்தது. 1930களில் ராக்கபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் தாமசு ரிவர்சு என்பவர் குரங்குகளுக்கு மூளைத் திசுவின் சாற்றைப் பன்முறை ஊசிவழிச் செலுத்தி, அவற்றின் மூளையில் அழற்சியை உண்டாக்கிக் காட்டினார். பிற்காலத்தார் அச்சோதனையை எலிகளில் திரும்பத் திரும்பச் செய்தனர். நோயுற்ற எலியின் டி அணுக்களை மட்டும் எடுத்து நலமுள்ள எலிக்குள் செலுத்தினால் அதற்கும் நோய் வந்தது. இதனினும் வலிய சான்று வேறென்ன வேண்டும் என்று பலரும் அமைந்தனர். 1942ஆம் ஆண்டிலேயே எல்வின் காபட் என்பவர் இந்நோயாளரின் தண்டுவட நீரில் எதிர்ப்பொருள் வகைப் புரதம் மிகுந்திருத்தலைக் காட்டியிருந்தார். எதிர்ப்பொருள் உள்ள இடத்தில் அதனை ஆக்கும் அணுக்களும் இருத்தல் வேண்டுமன்றோ? ஆயினும் அத்தடயத்தின் வழியே பி அணுவைத் தேடிச் சென்றவர் மிகச் சிலரே.

ஹௌசர் முதலில் மேற்கொண்ட வழி வேறு. காவற்படை பிழை செய்கிறதாயின் படை முழுவதையும் அடக்கிப் பார்ப்போம் என்று அவரும் அவர்தம் குழுவினரும் எண்ணினர். சைக்ளோபாஸ்பமைடு என்பது புற்றுநோய்க்கு வழங்கப்படும் கடுமருந்து. அதனை நோய் முற்றிவந்த 58 பேரை மூன்று பிரிவாக்கிச் செய்த ஆய்வில் பயன்படுத்தி, முடிவுகளை 1983ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அம்மருந்தைப் பெற்ற 20 பேருள் 16 பேருக்கு ஓராண்டின் முடிவில் நோய் நிலைத்து நின்றது, அல்லது சற்றே தணிந்தது. ஆனால் படை முழுவதையும் அடக்கினால் நாடு காவலின்றிக் கிடக்கும். தலைமயிர் உதிர்தலும் தொற்று நோய்க்கு இரையாதலும் அம்மருந்தின் உடன்பிறப்புகள். அன்றியும் 1991ஆம் ஆண்டில் கனடா நாட்டார் நடத்திய ஆய்வில் அப்பயன் காணப்படவில்லை. எல்லாரையும் தண்டிப்பதை விடுத்துக் குற்றவாளியைத் தனியே கண்டுபிடிக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

பாரிசில் பாஸ்டர் நிலையத்திலும் நோயெதிர்ப்பியல் பயின்றிருந்த ஹௌசர், 1992ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்திற்கு நரம்பியல் துறைத் தலைவராய்ச் சென்றார். எலிச் சோதனையில் அவருக்கு ஓர் ஐயம் இருந்தது. எலியின் மூளையில் அழற்சி தோன்றியது உண்மை; ஆனால் மனித நோயில் காணப்படுவது போல மயலின் உறை திட்டுத்திட்டாய் உரிந்து அழிவது அங்கே தெளிவாகக் காணப்படவில்லை. எலியிற் கண்டது ஒரு நோய், மனிதரிற் கண்டது மற்றொன்று எனின், எலியின் தீர்ப்பை மனிதர்மேல் சுமத்துவது எங்ஙனம்?

எனவே அவரும் அவருடைய துணைவர் கிளாடு ஜெனெயின் முதலியோரும் மார்மோசெட் என்னும் சிறு குரங்கைத் தேர்ந்தனர். தென்னமெரிக்கக் காடுகளில் வாழும் இக்குரங்கு அணிலினும் சற்றே பெரியது. இதன் பிறப்பில் ஒரு விந்தை உண்டு. இது பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளையே ஈனும். கருப்பையில் இருக்கும்போதே அவ்விரு குட்டிகளின் குருதியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆதலின் ஒன்றன் குருதியணுக்களை மற்றொன்றின் உடல் அயலென்று விலக்காது. ஒரு குட்டியின் டி அணுவை எடுத்து அதன் உடன்பிறப்பிற்குள் செலுத்திப் பார்க்க இதனினும் ஏற்ற உயிர் வேறில்லை. இயற்கை ஆராய்ச்சிக்கென்றே இவ்விரட்டையரைப் படைத்து வைத்ததோ என்று வியக்கத் தோன்றும்.

சோதனை நடந்தது. டி அணுக்களை மட்டும் பெற்ற குரங்கின் மூளையில் அழற்சி தோன்றிற்று. ஆனால் உறை அழியவில்லை. பின்னர் மயலினைத் தாக்கும் எதிர்ப்பொருளையும் உடன் செலுத்தினர். உடனே மனித நோயில் உள்ளவாறே உறை உரிந்து அழியக் கண்டனர். டி அணு கதவைத் திறந்துவிட்டது. உள்ளே புகுந்து பொருளைக் கொள்ளையிட்டது எதிர்ப்பொருள். இம்முடிவு 1995ஆம் ஆண்டில் வெளிவந்தது. குரங்கில் உண்மையாவது மனிதரிலும் உண்மையாகுமா? செட்ரிக் ரெயின் என்னும் அறிஞரின் துணையோடு, இறந்த நோயாளரின் மூளைத் திசுவையும் குரங்கின் திசுவையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒப்பிட்டு நோக்கினர். இரண்டிலும் உறை ஒரே வகையாகச் சிதைந்து கிடந்தது. சிதைந்த மயலினோடு எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது. இது 1999ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தி.

இதற்குள் மருந்து ஒன்றும் வேறு காரணம் பற்றி ஆயத்தமாய் இருந்தது. பி அணுவின் மேற்பரப்பில் சிடி 20 என்னும் புரதம் அடையாள முத்திரை போல் பதிந்திருக்கும். அம்முத்திரையைத் தேடிப் பற்றி அவ்வணுவை அழிக்கும் ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தை, பி அணுவிலிருந்து தோன்றும் ஒருவகைப் புற்றுநோய்க்காக 1997ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஏற்றிருந்தது. எதிர்ப்பொருளை ஆக்குவது பி அணுவின் வழித்தோன்றல்; பி அணுவை நீக்கினால் எதிர்ப்பொருள் குறையும்; எதிர்ப்பொருள் குறைந்தால் உறை பிழைக்கும். இதுவே ஹௌசரின் கருத்து.

இதனைச் சோதிக்கப் பொருளுதவி வேண்டி அரசு நல்கைக்கு விண்ணப்பித்தார். இக்கருத்து உயிரியலுக்குப் பொருந்தாதது என்று கூறி அவ்விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டனர். மதிப்பிட்டவரை முற்றும் குறை கூறுதலும் முறையன்று. டி அணுவே காரணம் என்பதற்கு அரை நூற்றாண்டுச் சான்று அவர்கள்முன் இருந்தது. பி அணுவிற்கோ ஒரு சிறு குரங்கே சாட்சி. ஹௌசர் தம் கொள்கையைக் கைவிடாமல், அம்மருந்தை ஆக்கும் ஜெனன்டெக் நிறுவனத்தாரிடம் சென்று வாதாடினார். முதலில் தயங்கிய அவர்கள் இறுதியில் சிறியதோர் ஆய்வுக்கு இசைந்தனர்.

104 நோயாளர் அவ்வாய்வில் சேர்ந்தனர். அவருள் 69 பேர் இரு வார இடைவெளியில் இருமுறை மருந்து பெற்றனர். 35 பேர் மருந்தற்ற வெறும் நீர்மத்தைப் பெற்றனர். யார் எதைப் பெற்றார் என்பது நோயாளருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. நம்பிக்கையே நோயைத் தணித்ததுபோல் தோன்றுதலும் உண்டாதலால், இம்மறைவு இன்றியமையாதது. காந்த அதிர்வுப் படங்களில் புதிய அழற்சித் திட்டுகளை எண்ணிப் பார்த்தனர். வெறும் நீர்மம் பெற்றவர்க்குச் சராசரியாக 5.5 திட்டுகள், மருந்து பெற்றவர்க்கு 0.5. நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்கு குறைந்துவிட்டது! நோய் மீண்டும் தாக்குதலும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2008ஆம் ஆண்டில் இம்முடிவு அச்சேறியபோது துறை அறிஞர்க்கு வியப்புத் தாளவில்லை.

அவ்வியப்பினுள் மற்றொரு வியப்பும் அடங்கியிருந்தது. மருந்தின் பயன் சில வாரங்களிலேயே தோன்றிவிட்டது. எதிர்ப்பொருள் குருதியில் நெடுநாள் நிலைப்பது. அன்றியும் அதனைப் பெருமளவில் ஆக்குவன பி அணுவின் முதிர்ந்த வடிவமான பிளாஸ்மா அணுக்கள். அவற்றின்மேல் சிடி 20 முத்திரை இல்லை. ஆதலின் மருந்து அவற்றைத் தீண்டுவதில்லை. எதிர்ப்பொருள் அவ்வளவு விரைவில் குறையாதிருக்கவும் நோய் தணிந்துவிட்டது! அப்படியாயின் ஹௌசர் எதனை எண்ணி இம்மருந்தை நாடினாரோ அக்காரணம் சரியன்று, அல்லது முழுமையன்று. பி அணு குற்றவாளிதான். ஆனால் அம்பு எய்தமையால் மட்டும் அன்று. பகையின் அடையாளத்தை டி அணுவுக்குக் காட்டிக்கொடுத்து அதனை ஏவிவிடுவதும், அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரப்பதும் பி அணுவின் தொழில்களே. காலாட்படைக்கு ஒற்றனாய் நின்று தவறான வீட்டைச் சுட்டிக்காட்டுவதே அதன் பெருங்குற்றம் என்று இப்போது அறிஞர் கருதுகின்றனர். தாம் வென்ற இடத்திலேயே தம் கணிப்பின் பிழையையும் ஹௌசர் ஒளியாது எடுத்துரைத்தார். டி அணுவைச் சுட்டியவரும் முற்றும் தோற்றாரல்லர். இரண்டும் கூட்டுக் குற்றவாளிகள்.

ரிட்டுக்சிமாப் மருந்தில் எலிப் புரதத்தின் கூறு ஒன்று கலந்திருந்தது. அக்கூறு பெரிதும் குறைக்கப்பட்டு மனிதப் புரதத்தை ஒத்து அமைந்த ஒக்ரிலிசுமாப் என்னும் மருந்து பின்னர் ஆராயப்பட்டது. ஹௌசர் தலைமையில் 1,656 நோயாளரைக் கொண்டு இரு பேராய்வுகள் நிகழ்ந்தன. அந்நாளில் வழங்கிவந்த இன்டர்பெரான் மருந்தோடு ஒப்பிட, நோய் மீண்டும் தாக்கும் வீதம் நூற்றுக்கு 46, 47 என்ற அளவில் குறைந்தது. தொடக்கம் முதலே இடைவிடாது மெல்ல மெல்ல முற்றும் மற்றொரு வகை நோயும் உண்டு. அதற்கு அதுவரை மருந்தே இல்லை. பார்சிலோனா நகர மருத்துவர் மொந்தல்பான் தலைமையில் 732 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு, அவ்வகையிலும் இம்மருந்து ஓரளவு பயன் தருவதைக் காட்டிற்று. 2017ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்க அரசு ஒக்ரிலிசுமாப் மருந்தை இருவகை நோய்க்கும் ஏற்றது. ஆறு திங்களுக்கு ஒருமுறை குருதிக் குழாய் வழியே செலுத்தப்படும் இம்மருந்து தொற்று நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும். அழிந்த உறையை மீண்டும் நெய்து தருவதும் இல்லை. முன்னர்க் கூறிய இளம் வழக்கறிஞர் நோயுற்ற காலத்திற்கும் இந்த ஆண்டிற்கும் இடையே ஏறத்தாழ நாற்பதாண்டு ஓடிவிட்டது.

பி அணு ஏன் வழி தவறுகிறது என்னும் வினாவுக்கு வேறொரு திசையிலிருந்து ஒளி கிட்டிற்று. ஹார்வர்டைச் சேர்ந்த ஆல்பெர்த்தோ அசேரியோ என்பவரும் அவர்தம் குழுவினரும் அமெரிக்கப் படைவீரர் ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து, எப்ஸ்டைன்-பார் என்னும் வைரசு தொற்றிய பின்னர் இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு பெருகுவதை 2022ஆம் ஆண்டில் காட்டினர். அவ்வைரசு உடலுள் நெடுங்காலம் ஒளிந்திருக்கும் இடம் யாது தெரியுமா? அதே பி அணுதான். ஆயினும் இவ்வைரசு மாந்தருள் பெரும்பாலாரிடத்தும் உறைகிறது; நோயோ மிகச் சிலர்க்கே வருகிறது. 2025ஆம் ஆண்டில் உயிர் அறிவியலுக்கான பிரேக்த்ரூ பரிசு ஹௌசருக்கும் அசேரியோவுக்கும் ஒருங்கே வழங்கப்பட்டது.

பரிசு வந்தமையால் வினா முடிந்துவிடவில்லை. 2004ஆம் ஆண்டு முதல் சான் பிரான்சிஸ்கோவில் ஹௌசரின் குழுவினர் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரைப் பல்லாண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். நோய் மீண்டும் தாக்காதவரிடத்தும் மூளை சிறிது சிறிதாய்ச் சுருங்கி வலிமை குன்றுவதை 2019ஆம் ஆண்டில் அவர்கள் எடுத்துக்காட்டினர். ஓசையின்றி நடக்கும் இவ்வழிவைப் படத்தில் தோன்றும் திட்டுகளைக் கொண்டு மட்டும் அளக்க இயலாது. ஆதலின் அந்நோயாளரின் மூளைப் படத்தையும் குருதியையும் ஆராய்வதோடு, அவரை நடக்கச் சொல்லி, இருபத்தைந்து அடித் தொலைவைக் கடக்க எத்தனை நொடி ஆகிறதென்றும் அளந்து குறிப்பர். சென்ற ஆண்டைவிட ஒரு நொடி கூடியிருந்தாலும், அது ஏன் கூடிற்று என்பதே அவர்கள் தேடும் விடை.